விலகச் சொல்லாத மனிதர்

அவர் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தது செப்டெம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. யன்னலோரக் கதிரையில் இருந்து அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்ட, நான் யன்னலுக்கு முன்னால் நின்று நேரங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவருடைய வெளிச்சம் முழுவதையும் என் முதுகு மறைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. எண்பதை நெருங்கிய மனிதர், இடுப்பெலும்புக்கு உலோகம் வைத்தவர், எழும்பி, கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்து, அதை அங்குலம் அங்குலமாக அடுத்த யன்னலடிக்கு இழுத்துப் போனார். அங்கே அதில் அமர்ந்து, விட்ட வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

"அப்பா அப்பிடித்தான்," என்றார் மகள். "ஒண்டும் கேக்கமாட்டார். நீங்கள்தான் பாத்துச் செய்யவேணும்."

இவர்கள் கதைத்தது இத்தாலியம். எனக்கு அது மனதில் பதிந்திருப்பது என் வீட்டுத் தமிழில். ஆகையால் அப்படியே எழுதுகிறேன். ஐயாவுக்குச் சொல்லும் 'சிஞ்ஞோர்', அம்மாவுக்குச் சொல்லும் 'சிஞ்ஞோரா' இரண்டையும் மாற்றவில்லை.

பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், நாலாம் மாடியில், மூன்று வருடமும் நாலு மாதமும் அவரோடு இருந்தேன். போன ஜனவரியில் காலமானார். மகள் வந்து வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவருடைய புகைப்படப் பெட்டிகளை மிலானுக்குக் கொண்டுபோனார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. தான் எடுத்த எந்தப் படத்தின் பின்னும் அவரே அதை எழுதியதில்லை. இந்தக் கதையில் ஒரு திகதியும் உண்டு. நாள், மாதம், ஆண்டு மூன்றும் எனக்குத் தெரியும். அதையும் எழுதப்போவதில்லை.

எதையும் கேட்காத ஒருவரைப் பராமரிப்பது மிகவும் சிரமம். குளியலறையில் துவாய் வைக்க நான் மறந்த நாளில், கழற்றிய சேட்டாலேயே உடம்பைத் துடைத்துக்கொண்டு வந்தார். சூப்புக்கு உப்புப் போடாத நாளில் கோப்பையைக் காலியாக்கிவிட்டு நன்றி சொன்னார். ஒரு தடவை பஸ்ஸில் ஒரு பெண் சந்தைப் பையை அவருடைய காலுக்கு மேலே வைத்துவிட்டார். ஆறு தரிப்பிடங்கள் அந்தப் பையைக் காலில் சுமந்துகொண்டு நின்றார். எங்கள் தரிப்பிடம் வந்தது. அந்தப் பெண் இறங்காததால் தானே பையை மெல்லக் குனிந்து தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவரிடம் மன்னிப்பும் கேட்டு, நொண்டிக்கொண்டு இறங்கினார்.

என் மனைவி ஜெயராணி இரண்டு தெரு தள்ளி ஒரு சிஞ்ஞோரா வீட்டில் துப்புரவு வேலை செய்கிறாள். நான் இந்தக் கதையைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ரை சிஞ்ஞோராவை அங்கை அனுப்பட்டோ? மனுசி ஒரு நாளைக்கு நாப்பது தரம் மணி அடிக்குது. ரெண்டு பேரையும் கலந்து ரெண்டாப் பிரிச்சால் நாங்கள் ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பம்."

அவர் புகைப்படக்காரர். பலெர்மோவுக்குக் கிழக்கே மலைகளில், ஒவ்வொரு வசந்தத்திலும் பாதைகளை மூடிவிட்டு மோட்டார் பந்தயம் நடத்திய காலம் ஒன்று இருந்தது. உலகத்தின் பெரிய ஓட்டுநர்கள் எல்லாம் வந்தார்கள். தனியாகக் கட்டிய ஓடுபாதை கிடையாது. ஆடுகளும் வண்டிகளும் போகிற அதே ஊர்ப்பாதைதான். சிவப்புக் கார்கள் வீட்டு வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளிப் பறக்க, மேலே பல்கனியில் துணி காயும். சனங்கள் மதில்களில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்கள். அவர் இருபது வயதிலிருந்து நகரத்துப் பத்திரிகை ஒன்றுக்காக அங்கே படம் எடுத்தார்.

சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தார். அவற்றில் காரைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒன்றில் ஒரு பாதிரியாரின் குடை காரின் முன்பாதியை விழுங்கியிருந்தது. பின்சில்லும் புழுதியும் மட்டும் மிச்சம். அந்த ஆண்டு வென்ற கார் அதுதான் என்று பிறகு புத்தகம் பார்த்து அறிந்தேன்.

"குடையை மடக்கச் சொல்லியிருக்கலாமே, சிஞ்ஞோர்?"

"அது அவரின்ரை குடை."

"நல்ல மழையோ?"

"இல்லை. வெய்யில்."

பத்திரிகைக்காரர்கள் மூன்று வசந்தங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை அனுப்பத் தொடங்கினார்கள். அதன் பிறகும், அந்தப் பாதைகளில் பந்தயம் நிற்கும்வரைக்கும், அவர் தன்பாட்டில் பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் சேர்ந்து இரண்டு வருடம் முடிந்த செப்டெம்பரில், ஒரு சனிக்கிழமை, ஜெயராணியின் ஒன்றுவிட்ட தங்கைக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் கலியாணம். பழைய மாளிகை ஒன்றின் தோட்டத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சிஞ்ஞோரைத் தனியே விடமுடியாமல் அவரையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். பூசை முடிந்து குடும்பப் படம் எடுக்கவேண்டிய நேரத்தில், பேசி வைத்திருந்த படக்காரர் வரவில்லை. ஜெயராணியின் மாமா எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஒழுங்கு தவறினால் அவருக்குப் பொறுக்காது. என்னுடைய சிஞ்ஞோர் புகைப்படக்காரர் என்று கேள்விப்பட்டவுடன் மாப்பிள்ளையின் தம்பியுடைய கமராவை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஆட்களுக்குப் படக்காரர் என்றால் ஒரு தளபதி. கிட்ட வாங்கோ, நாடியை உயர்த்துங்கோ, பிள்ளையைத் திருப்பிப் பிடியுங்கோ, இப்ப சிரியுங்கோ என்று அவர் அதட்ட அதட்டத்தான் நாங்கள் நிற்போம். நாற்பது பேர் மாளிகைப் படிகளில் ஏறி நின்று, அதட்டலுக்காகக் காத்திருந்தார்கள். சிஞ்ஞோர் கமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். வெயில் தலையைப் பிளந்தது.

"என்னடாப்பா, மனுசன் சிலை மாதிரி நிக்குது?" என்று மாமா மேலிருந்து கத்தினார். "கிட்ட வரச் சொல்லுறாரோ?"

"இல்லை, மாமா. ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது? சிரிக்கிறதோ, விடுறதோ?"

"சிரிச்சுக்கொண்டு நிக்கிறன், கன்னம் நோகுது!" என்று ஒரு மாமி சொன்னார்.

"பற்றரி முடிஞ்சுது போலை. ஆளுக்குச் சொன்னனான், கமராவுக்கில்லை!" என்றான் பின்வரிசைப் பெடியன் ஒருவன்.

படிகளில் சிரிப்பு வெடித்தது. மாமா திரும்பி, சிரித்தது யாரென்று பார்த்து ஏசத் தொடங்கினார். மணப்பெண் செருப்புக்குள் புகுந்த கல்லை எடுக்கக் குனிந்தாள். வரிசை குலைந்தது. அப்போதுதான் கிளிக் என்றது.

அதை நான் போனில் வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எடுக்கப்பட்ட படங்களில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். மாமா அதை அல்பத்தில் வைக்க மறுத்துவிட்டார். "இதிலை ஒருத்தராவது படத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கினமோ?" என்றார்.

திரும்பும் ரயிலில் சிஞ்ஞோர் கேட்டார்: "அந்தப் பெரியவருக்கு என்னிலை கோவமோ?"

"ஓம், கொஞ்சம்."

"நியாயம்தான்."

அந்தக் குளிர்காலத்தில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். அவருடைய நெகட்டிவ்கள் படுக்கையறை அலமாரியில் சப்பாத்துப் பெட்டிகளில் இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் பென்சிலால் ஒரு வளைவின் பெயர், அல்லது ஒரு ஊரின் பெயர். ஆண்டு எங்கேயும் இல்லை. ஒரே வளைவில் பதினைந்து வசந்தங்களில் எடுத்தவை ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. நான் பால் பெட்டியில்கூடத் திறந்த திகதியை எழுதுகிறவன். எனக்கு அது தாங்கவில்லை.

"ஆண்டு வரிசையிலை அடுக்கித் தரட்டோ, சிஞ்ஞோர்?"

அவர் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்கடை விருப்பம்," என்றார்.

டிசம்பரிலிருந்து பெப்ரவரிவரை, அவர் மதியம் உறங்கும் நேரமெல்லாம், கண்ணாடிக்குக் கீழே விளக்கெரியும் ஒளிப்பெட்டியில் நெகட்டிவ்களைப் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நூலகத்திலிருந்து பந்தயப் புத்தகங்கள் எடுத்துவந்து, எந்தக் காரில் எந்த இலக்கம் எந்த ஆண்டு ஓடியது என்று ஒப்பிட்டேன். கார் தெரியும் பிலிம் துண்டுகள் ஆண்டு ஆண்டாகப் பிரிந்தன. கார் இல்லாத துண்டுகளும் நிறைய இருந்தன. மதில், ஆடு, பார்வையாளர், வெறும் பாதை. அவற்றுக்கு ஆண்டு சொல்ல வழியில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் போட்டு, 'திகதி தெரியாதவை' என்று எழுதினேன். பழைய பெட்டிகளைக் குப்பைக்குக் கொண்டுபோகும்போது அவர் நடைவழியில் நின்று எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

ஆண்டு வரிசை முடிந்ததும் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. நான் பெருமையோடு கோப்பியையும் கொண்டுபோய் அவரிடம் சொன்னேன்.

"ஒரு வசந்தம் வரைக்கும் உங்கடை படங்கள் எல்லாம் துப்புரவு, சிஞ்ஞோர். எல்லாரும் நிக்கவேண்டிய இடத்திலை நிக்கினம். கார் நடுவிலை. அந்த வசந்தத்துக்குப் பிறகு ஒவ்வொண்டிலையும் ஆரோ குறுக்கை நிக்கினம். குடை, முதுகு, கழுதை. கமரா மாத்தினீங்களோ?"

அவர் கோப்பியைக் குடிக்காமல் மேசையில் வைத்தார்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் தோட்ட வேலை செய்யும் நண்பர் தந்த மண்டரின் தோடம்பழங்களோடு போனேன். 'திகதி தெரியாதவை' பெட்டி அவருடைய மடியில் இருந்தது.

"எனக்கு ஒரு படம் தேடித்தாங்கோ," என்றார்.

இரண்டரை வருடத்தில் அவர் என்னிடம் எதையாவது செய்துதரக் கேட்டது அதுதான் முதல் தடவை. பழப்பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன்.

அவருக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். பத்தொன்பது வயது. பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்னதாக ஓட்டுநர்கள் வளைவுகளைப் பழகிப் பார்ப்பார்கள். பாதை அப்போது மூடப்பட்டிருக்காது. அண்ணனுக்குத் துணையாகக் கமராப் பையைத் தூக்கிக்கொண்டு தம்பியும் போனான். ஒரு வளைவில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி அவன் மேல் ஏறியது.

"அவன் கார் பாக்கிற ஆசையிலை தானா றோட்டிலை இறங்கினவன் எண்டு பொலிஸ் எழுதினது. அம்மாவும் சாகும்வரைக்கும் அதைத்தான் நம்பினவ. நான்தான் அப்பிடிச் சொன்னனான்." கொஞ்ச நேரம் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அதுக்கு ஒரு நிமிசம் முந்தி அவனை ஒரு படம் எடுத்தனான். அவன் தானா இறங்கியிருந்தால் அதிலை றோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பான். நான் கூப்பிட்டு இறக்கியிருந்தால் என்னைப் பாத்துக்கொண்டு நிப்பான். எனக்கு நினைவில்லை எண்டு சொல்லிச் சொல்லியே அறுபது வருசம் போயிட்டுது. கண் போகமுந்தி அவன் எங்கை பாக்கிறான் எண்டு தெரியவேணும்."

"முந்தி அது எங்கை இருந்தது?"

"அந்த வளைவின்ரை பேர் எழுதின பெட்டியிலை. ஆக அடியிலை."

அறுபது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கைவைத்து எடுக்கக்கூடிய இடத்தில் இருந்த ஒன்றை, நான் ஆயிரம் துண்டுகளுக்குள் கொட்டியிருந்தேன். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே அவருடைய இரண்டு கண்களிலும் நடுப்பார்வை கரைந்துகொண்டிருந்தது. ஓரங்கள் தெரியும். நேரே பார்க்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. கதவின் நிலை தெரியும், கதவில் நிற்பவரின் முகம் தெரியாது. கண்ணுக்குள் ஊசி போட்டும் பயன் இருக்கவில்லை. ஒளிப்பெட்டிக்கு மேலே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைக்கண்ணால் ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பார். அவருக்குக் களைத்தபின் நான் பார்ப்பேன். மதிலுக்குப் பின்னால் ஒரு கரோப் மரம், வெள்ளைச் சேட் போட்ட பெடியன். இவை இரண்டும்தான் எனக்குத் தெரிந்த அடையாளம். நெகட்டிவில் வெள்ளைச் சேட் கறுப்பாக இருக்கும். இளம் ஆட்கள் எல்லோரும் கரிய முகமும் நரைத்த தலையுமாக நிற்பார்கள்.

"மதில். மூண்டு கிழவியள்."

"இல்லை."

"மரம். ஒரு பொலிஸ்காரர், வாழைப்பழம் சாப்பிடுறார்."

"அவரைத் தெரியும். இல்லை."

மார்ச்சில் அவருக்கு ஒரு துண்டில் மரம் எது, மதில் எது என்றாவது பிரித்துப் பார்க்க முடிந்தது. ஏப்ரல் முடிவில் ஒளிப்பெட்டி எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில் கதிரை போட்டு, நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மே மாதத்து ஒரு புதன்கிழமை, அவர் உறங்கும்போது அது கிடைத்தது. துண்டின் முதல் படத்தில் கரோப் மரத்தடி மதிலில் ஒரு பெடியன் ஏறி இருந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். இரண்டாவதில் அவன் பாதையின் விளிம்பில் நிற்கிறான். அதன் பிறகு அந்தத் துண்டில் ஒன்றும் இல்லை. எடுக்கப்படாத வெறும் பிலிம். போனால் படம் எடுத்து நிறத்தைத் திருப்பினேன். கரிய தலைமயிரும் வெள்ளை முகமும் வந்தன. இடது கால் முன்னால். வலது கை தோளுக்கு மேலே உயர்ந்திருக்கிறது. 'இங்கேயா?' என்று கேட்கும் கை. முகம் நேராகக் கமராவைப் பார்த்தபடி.

அவர் எழும்பியதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து ஜெயராணிக்குப் போனைக் காட்டினேன். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"ஐயோ, என்ன வடிவான பெடியன்," என்றாள். பிறகு, "இஞ்சாருங்கோ, றோட்டைப் பாக்கிறான் எண்டு சொல்லுங்கோ."

"அது பொய்யெல்லோ."

"கண் தெரியாத மனுசன். இனி எத்தினை நாளோ. இதைக் கேட்டு என்ன செய்யப் போறார், சொல்லுங்கோ பாப்பம்? ஆருக்கு என்ன நட்டம்?"

"அவர் கேட்டது அதைத்தானே."

"நீங்களுந்தான் ஒவ்வொரு நாளும் போனிலை அம்மா எப்பிடி எண்டு கேட்டனீங்கள். இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோக் கடதாசி இல்லாத நேரம், ஊருக்குப் போகேலாது. அவ செத்தபிறகும் எட்டு நாள் காய்ச்சல், காய்ச்சல் எண்டு சொல்லி வைச்சிருந்தவை. அண்டைக்கே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீங்கள்? குசினிச் சுவரிலை தலையை மோதியிருப்பீங்கள்."

எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியைக் கையில் அப்படியே கொடுப்பதில்லை. காய்ச்சல் என்போம், ஆஸ்பத்திரி என்போம், கொஞ்சம் கடுமை என்போம். ஆள் தாங்குவார் என்று பட்டால் மிச்சத்தைச் சொல்வோம். அந்த எட்டு நாட்களுக்காக நான் வீட்டாரோடு ஒரு வருடம் கோபமாக இருந்தேன். ஆனாலும் அது அன்பினால் செய்த காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அன்று ஜெயராணி சொன்னதும் எனக்குச் சரியென்றே பட்டது.

வியாழக்கிழமை காலை அவரிடம், "கண்டுபிடிச்சிட்டன், சிஞ்ஞோர்," என்றேன்.

அவர் நிமிர்ந்து இருந்தார். சேட்டின் கழுத்துப் பொத்தானைத் தேடிப் பூட்டினார்.

"எங்கை பாக்கிறான்?"

"றோட்டை."

"என்னை இல்லை?"

"இல்லை, சிஞ்ஞோர். றோட்டைத்தான். கார் வாற பக்கம்."

கீழே தெருவில் குப்பை லொறி வந்து, நின்று, போனது. அவருடைய முகத்தில் ஆறுதலைத் தேடினேன். அது இருக்கவில்லை.

"அப்ப ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான்?" என்று கேட்டார்.

கையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"அந்தச் சுருளைக் கழுவினது நான்தான்," என்றார். குரலில் கோபம் இல்லை. "ஒருக்கால் பாத்தனான். பாத்திட்டு உறையிலை போட்டு அடியிலை வைச்சனான்."

படத்தில் என்ன இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அதை அவர் ஒருவர் மட்டும் பார்த்திருந்தார். இன்னொருவர் பார்த்து, வாயால் சொல்லவேண்டும். அதற்காகத்தான், ஆயுள் முழுவதும் யாரையும் எதுவும் கேட்காதவர், என்னைக் கேட்டிருந்தார். கோப்பி வேண்டுமா என்று நான் கேட்டதற்கு அவர் தலையை ஆட்டினார். கொண்டுவந்ததைக் குடித்தார். அன்று முழுவதும் வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முந்திப் போனேன். அவர் உடுத்து, யன்னலடியில் இருந்தார். கதிரையின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, இரவு முழுவதும் மனதில் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நேற்று நான் பொய் சொன்னனான், சிஞ்ஞோர். அவர் உங்களைத்தான் பாக்கிறார். நீங்கள் சொன்ன இடத்திலை வந்து நிண்டுகொண்டு, இஞ்சையோ எண்டு கையைக் காட்டிக் கேக்கிறார். நீங்கள்தான் கூப்பிட்டனீங்கள். நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். என் முகம் இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே பார்த்தார்.

"நேற்று நான் கேட்டனான்," என்றார். "இண்டைக்கு நான் ஒண்டும் கேக்கேல்லையே."